தவிர்ப்பது நல்லது

ஜனவரி 5, திங்கள்

கம்பெனி கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் 'வாடிக்கையளர் சேவையில் இருபது ஆண்டுகள்' என்று அச்சாகியிருக்கிறது. ஒரு கால் காணோம். யார் பார்த்து அனுப்பினார்களோ, என் மேசைக்கு வரவில்லை. பேனாவால் அந்தக் காலைச் செருகிவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன்.

ஏழு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் அடுப்பு, சிம்னி, கேஸ் கீசர் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனியிலிருந்து போகும் தமிழ் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். கையேடு, வாரண்டி கார்டு, புகாருக்குப் பதில், சர்வீஸ் நினைவூட்டல் எல்லாம். கதவில் 'மொழித் தரம்: செ. சௌந்தரி' என்று எழுதியிருக்கிறது. கேன்டீனில் 'கமா மேடம்'.

இன்று பதினேழு பதில் கடிதங்கள். இந்த வருடம் கோயமுத்தூரில் பனி அதிகம். கீசர் நன்றாகப் போகிறது என்று ரகோத்தமன் சார் சொன்னார். வாடிக்கையாளர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சந்தோஷமாக இருந்தார். மாலை மொச்சைக்காய் வாங்கி வந்தேன். வீட்டில் இவர் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தார்.

ஜனவரி 7, புதன்

ஒரு கடிதம். காங்கயத்திலிருந்து தங்கமணி என்று ஒரு அம்மா, கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை அவருடைய மகள் கௌசிகா குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. கதவை உடைத்தபோது தரையில் கிடந்தாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கேஸ் எரிந்து எரிந்து அறைக்குள் விஷக் காற்று சேர்ந்துவிட்டது, அதற்கு வாசனை கிடையாது என்று டாக்டர் சொன்னாராம். பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் ஞாபகம் சரியாக இல்லை. கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தது. 'உங்கள் புத்தகத்தில் தவிர்ப்பது நல்லது என்றுதான் இருக்கிறது, கூடாது என்று இல்லை' என்று எழுதியிருக்கிறார்.

படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்திருக்கிறது. 'மயக்மாக' என்பதில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்திருக்கிறேன். 'ஆஸ்பித்திரி'யைத் திருத்தியிருக்கிறேன். 'என் மக' என்பதற்கு ஒரு 'ள்' போட்டிருக்கிறேன். ஏழு இடத்தில் சிவப்பு. கை தானாகச் செய்தது.

ரகோத்தமன் சாரிடம் கடிதத்தின் நகலைத்தான் கொடுத்தேன். கறுப்பு வெள்ளையில் எது யார் எழுதியது என்று தெரியாது. பதில் தயார் பண்ணச் சொன்னார்.

கையேட்டின் பாதுகாப்புப் பக்கம் இரண்டு வருடத்துக்கு முன்பு மாறியது. பல பேர் சேர்ந்து மாற்றியது.

ஜனவரி 8, வியாழன்

பச்சைத் தண்ணீரில் குளித்தேன். சளி பிடிக்கும் என்றார் இவர். எங்கள் வீட்டில் கேஸ் கீசர் கிடையாது, கரண்டில் ஓடுகிறதுதான். ஆனாலும் போடத் தோன்றவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

பதில் கடிதம் நான்கு தடவை எழுதினேன். முதல் நகலில் 'மிகவும் வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தேன். சட்ட ஆலோசகர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். வருந்தினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமாம். 'தங்கள் மகள் விரைவில் பூரண நலம் பெற விழைகிறோம்' என்று போட்டோம். அடுத்த வரி ரகோத்தமன் சாருடையது: 'கையேட்டின் ஏழாம் பக்கத்தில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளபடி, கருவியைக் குளியலறைக்கு வெளியே பொருத்துவதே முறை.'

'தெளிவாக' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி எழுந்து ஜன்னல் திரையைச் சரி செய்தேன். பக்கத்து அறைப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. சந்தி சரி, காற்புள்ளி சரி. பார்த்தாயிற்று என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தேன். லீவு போட்டு. இரண்டு அலமாரி, பரண், சமையல் மேடைக்கு அடியில் உள்ள டப்பாக்கள். துடைத்த பீங்கானையே மறுபடி துடைத்தேன். உட்கார்ந்தால் எழ வேண்டும் போல் இருக்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

ஜனவரி 14, புதன். போகி

விடிகாலையில் வாசலில் இவர் பழைய தாள்களைப் போட்டுக் கொளுத்தினார். பரணிலிருந்து நான் இறக்கிய கட்டுகளில் ஒன்றைத் தூக்கிப் போடப் போனபோது கையைப் பிடித்துவிட்டேன். வீட்டு வரி ரசீது அதில் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் இல்லை. பழைய ப்ரூஃப் கட்டு, அச்சுக்கு முன்பு நான் திருத்திய தாள்கள். தேடி எடுத்ததில்லை, கண்ணில் பட்டது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. ஈரோட்டிலிருந்து நாத்தனார் வத்சலா போனில் பேசினாள். கரும்பு தின்று வாய் புண்.

ஜனவரி 20, செவ்வாய்

தங்கமணி போன் செய்தார். பதில் கடிதத்தின் கீழே இருந்த எண் என் மேசையுடையது. வழக்கமாகப் புகார்ப் பிரிவுக்குத் திருப்பிவிடுவேன். இன்று திருப்பவில்லை.

கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். கடிதம் வந்தது, படித்தேன், ஒரு சந்தேகம் என்றார்.

"தெளிவான்னு போட்டிருக்கறீங்க. மாட்டறதுக்கு முன்னாடி எம்மவதானுங்க அந்தப் புஸ்தகத்தப் படிச்சா. வெளிய செவுரு பக்கத்து ஊட்டோடது, மாட்ட எடமில்லீன்னு மெக்கானிக்கு சொன்னாப்ல. உள்ளார மாட்டலாமான்னு நாந்தான் அவளப் படிச்சுப் பாக்கச் சொன்னேன். தவிர்ப்பது நல்லதுன்னுதாம்மா இருக்குது, கூடாதுன்னு இல்லைன்னா. பன்னண்டாவதுல தமிழ்ல தொண்ணூத்தாறு எடுத்தவளுங்க. அவளுக்கே தெளிவா இல்லீன்னா யாருக்குத் தெளிவா இருக்குமுங்க?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதிவைக்க விரும்பவில்லை. 'மேலிடத்தில் தெரிவிக்கிறேன்' என்று சொன்னேன்.

ஜனவரி 21, புதன்

கட்டைப் பிரித்தேன்.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதம், 'இனிய தமிழில் கையேடு' என்று ஒரு திட்டம் போட்டார்கள். வாங்குகிறவரைப் பயமுறுத்தக் கூடாது, அதட்டக் கூடாது, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று 'கூடாது'க்கு மேல் வேண்டாம் என்பது விற்பனைப் பிரிவின் கணக்கு. பொறியாளர்கள் கொடுத்த பாதுகாப்புப் பக்கத்தில் பதினொன்று இருந்தது. எந்த மூன்றை வைத்துக்கொள்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள். பொறியாளர் பிரிவில் ஒரு தடவை காட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அச்சகம் அவசரப்படுத்தியது. நான் காட்டவில்லை.

மூல வரி இது: 'குளியலறைக்குள் எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து.'

அதன் மேல் சிவப்புக் கோடு. மேலே என் கையெழுத்தில்: 'குளியலறைக்குள் பொருத்துவதைத் தவிர்ப்பது நல்லது.' பக்கத்தில் ஒரு சின்ன டிக் கூடப் போட்டிருக்கிறேன். பிடித்திருந்தால்தான் அப்படிப் போடுவேன்.

நான் வைத்துக்கொண்ட மூன்றில் ஒன்று: 'வாரண்டி முத்திரையைக் கிழிக்கக் கூடாது.'

அந்தத் திட்டத்துக்காக ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். ஹாலில் ஷோகேஸில் இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

ரகோத்தமன் சாரிடம் போனேன். அந்தக் கையேட்டோடு போன கீசர்கள் பதினாலாயிரத்துச் சொச்சம் என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அடுத்த அச்சில் வரியை மாற்றிவிடலாம், இப்போது அனுப்பினால் பனிக்காலத்தில் பத்திரிகை வரைக்கும் போய்விடும் என்றார். வெளியே மாட்ட வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியில் சொல்லித்தான் கொடுக்கிறோம், தப்பு அந்த மெக்கானிக் பேரில் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்களிடம் அவர்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த வரியை மாற்றியது நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தெரியாத விஷயம் போல இல்லை.

"நீங்க கமா போடறவங்க, சௌந்தரி மேடம். அதோட நிறுத்திக்கங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

மாலை ஷோகேஸைத் துடைத்தேன். அந்தப் பரிசைக் கையில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து இவர் சிரித்தார்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தின லீவு. பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சரைப் பார்க்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டிக் காங்கயம் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. போகும் வழியெல்லாம் தோளில் இருந்த பையை மடியில் வைத்தேன், மடியில் இருந்ததைத் தோளில் மாட்டினேன். பக்கத்தில் இருந்தவர் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

விலாசம் கடிதத்தில் இருந்தது. ஓட்டு வீடு, பின்னால் புதிதாகக் கட்டிய ஒரு குளியலறை. தங்கமணி தேங்காய்க் களத்தில் பருப்பு எடுக்கும் வேலைக்குப் போகிறார். கை முழுவதும் சின்னச் சின்ன வெட்டுக்காயம். கணவர் லாரியில் வடக்கே போயிருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

குளியலறையைக் காட்டினார். கீசரைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். டைல்ஸில் நான்கு துளை. மேலே ஒரு சாண் அகலத்தில் ஜன்னல், பனிக்காக அட்டை வைத்து அடைத்திருந்தது. அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்க மனம் வரவில்லை, பக்கத்தில் போகவே முடியவில்லை என்றார்.

கௌசிகாவுக்கு இருபது வயது. ஒல்லி. இரட்டைச் சடை போட்டுவிட்டிருந்தார்கள், சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல. பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருடம், இப்போது போகவில்லை. வணக்கம் ஆன்ட்டி என்றாள். யார் என்று கேட்டாள். சொன்னேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி யார் என்று கேட்டாள். தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகப் படிக்க வைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். தங்கமணி ஒரு வார இதழைக் கொடுத்தார். அவள் நன்றாகத்தான் படித்தாள், உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். நீளமான வாக்கியம் வந்தபோது பாதியில் நின்றாள். முதல் பாதி என்ன என்று மேலே போய்த் தேடினாள். கிடைத்ததும் கீழே வந்தாள். அதற்குள் அது போய்விட்டது. மூன்று தடவை மேலும் கீழும் போய்விட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் இரண்டாக உடைத்தேன். அப்படி உடைத்திருந்தால் அவள் படித்திருப்பாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்த தங்கமணி கேட்டார்.

"ஏனுங்க, உங்க கம்பெனில அந்தப் புஸ்தகத்த எழுதறது யாருங்க?"

நிறைய பேர் சேர்ந்து எழுதுவது என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன். அந்தப் பதில் பொய்.

ஜனவரி 29, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காபி குடித்துக்கொண்டிருந்தபோது. கையேட்டில் உன் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் விட்டுவிடு, இதைத் தூக்கிச் சுமக்காதே என்றார். ப்ரூஃபைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். அன்றைக்கே இதை எரித்திருக்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

வத்சலா வீட்டில் கீசரை எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார்.

போன தீபாவளிக்கு நான்தான் கம்பெனிச் சலுகையில் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இத்தனை நாள் அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகம் வரவில்லை என்று எழுதுகிறேன். சரியா என்று தெரியவில்லை.

ஜனவரி 31, சனி

வத்சலா வீட்டில் உள்ளேதான் இருக்கிறது. போனில் கேட்டபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இவர் விடிந்ததும் காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். ஈரோடு போகிறவரை ரேடியோ கூடப் போடவில்லை. அங்கே இரண்டு பிள்ளைகளும் தலையில் துண்டோடு நின்றார்கள், அப்போதுதான் குளித்துவிட்டு. இவர் நேராகக் குளியலறைக்குள் போய் கேஸை மூடி, குழாயைக் கழற்றி, கீசரைக் கீழே இறக்கி வைத்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வத்சலா பயந்துபோய் என்ன அண்ணா என்ன அண்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கையேடு எங்கே என்றேன். எடுத்து வந்தாள். பாலிதீன் உறையில், பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர்கள் படிக்கக்கூட இல்லை.

ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, என் வரியால் அல்ல என்று. அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது. கௌசிகா படித்தாள் அல்லவா.

திரும்பும்போது பெருந்துறை தாண்டியதும் இவர், "பதினாலாயிரமா சொன்னே?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வருடத்துக்கு ஒரு தடவை பதிவு செய்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் தபாலில் சர்வீஸ் நினைவூட்டல் போகும். இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. கடைசி ப்ரூஃபில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போடுவது நான். அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 4, புதன்

'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்பதற்குக் கீழே இருந்ததை எல்லாம் அடித்தேன். எழுதினேன்:

'உங்கள் கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள். மூடிய அறைக்குள் கேஸ் எரிந்தால் விஷக் காற்று சேரும். வாசனை இருக்காது. மூச்சு நின்றுவிடும். காங்கயத்தில் ஒரு பெண் இப்படி விழுந்தாள். எங்கள் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இதைச் சரியாகச் சொல்லவில்லை. அது எங்கள் தவறு. கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாங்கள் வந்து வெளியே மாற்றித் தருகிறோம்.'

முப்பத்தைந்து சொற்களுக்குள் எழுத முயன்றேன். முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் கௌசிகா ஒரே மூச்சில் படித்துவிடும் நீளத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

ரகோத்தமன் சாருக்குத் தெரியாமல் செய்வதாகத்தான் இருந்தேன். காலையில் அவர் தன் மகளின் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசிக்கொண்டு லிஃப்டில் கூட வந்தார். அதற்குப் பிறகு மறைக்க மனம் வரவில்லை. ப்ரூஃபை அவர் மேசையில் வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அச்சகத்திலிருந்து ஆள் வருவார் என்றேன்.

படித்தார். 'நாங்கள் வந்து மாற்றித் தருகிறோம்' என்ற இடத்தில் விரலை வைத்து, யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். இது வெளியே போனால் உங்களால் இங்கே இருக்க முடியாது என்றார். தெரியும் என்றேன். டையைத் தளர்த்திக்கொண்டார். எழுந்து கோட்டை மாட்டினார்.

"பன்னண்டு மணிக்கு எனக்கு ஃபேக்டரில மீட்டிங். போன் ஆஃப்ல இருக்கும். நீங்க என்கிட்ட இதைக் காட்டலை."

ப்ரூஃபை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

பதினொன்றரை வரை எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை. பன்னிரண்டுக்கு ஆள் வந்தார். கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும்.

பிப்ரவரி 11, புதன்

போன். காலை ஒன்பதிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. திண்டுக்கல், தாராபுரம், ஊட்டி, கரூர். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: உள்ளேதான் இருக்கிறது. ஊட்டியில் ஒருவர் போன மாதம் தன் மனைவிக்குக் குளிக்கும்போது தலை சுற்றியதாகவும், பித்தம் என்று கஷாயம் கொடுத்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு.

பிப்ரவரி 12, வியாழன்

மேலிருந்து கூப்பிட்டார்கள். நான்கு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். ரகோத்தமன் சார் ஓரத்தில், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவர் பெயரை எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் வாக்குறுதி கொடுத்ததற்காக ராஜினாமா கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கீசர்களை மாற்றிக் கொடுப்பதை இனி நிறுத்த முடியாது, இருபது மெக்கானிக்குகளை அதற்கென்றே போட்டிருக்கிறார்கள் என்று வாசலில் பாதுகாவலர் சொன்னார்.

மேசையில் எடுக்க ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிவப்புத் திருத்தம் போட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காங்கயம். இந்தத் தடவை இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அறிவிப்பு அவர்களுக்கும் போயிருந்தது. தங்கமணி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். இப்போது தெளிவாக இருக்கிறது என்றார். நான் உட்காரவில்லை. கையேட்டில் அந்த வரியை மாற்றியது நான், நான் ஒருத்திதான், போன தடவை பொய் சொன்னேன் என்றேன். அவருடைய கடிதத்தையும் கொடுத்தேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன் என்றேன்.

அவர் கத்துவார், அழுவார், வெளியே போகச் சொல்வார் என்று பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருந்தேன். அவர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார். கடைசித் துணி வரைக்கும் மடித்தார்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அவகிட்டச் சொல்லுங்க."

கௌசிகா எதிரில் உட்கார்ந்து சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியங்களாக. பொறுமையாகக் கேட்டாள். ஏன் மாற்றினீர்கள் என்றாள். படிக்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று சொன்னார்கள், எனக்கும் அது சரி என்று தோன்றியது என்றேன்.

"பயந்திருப்பேன்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயந்திருந்தா அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

கிளம்பும்போது தங்கமணி, நீங்கள் முன்பு வாத்தியாராக இருந்தீர்களா என்று கேட்டார். அவருக்குக் களத்து வேலையால் தினமும் மகளைப் படிக்க வைக்க முடியவில்லை. ஞாயிறு தோறும் வந்து படிக்க வைக்கச் சொன்னார். கேட்கிற குரலாக இல்லை அது.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனேன். கௌசிகா வணக்கம் சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள். படிக்க வைக்க வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது.

"யாருன்னு முழுசாச் சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். அவள் முகம் போன வாரம் மாறிய அதே இடத்தில் மாறியது. பிறகு படித்தோம். நான் வாக்கியங்களை உடைத்து எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மறுபடி சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

சொன்னேன். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போகவில்லை, தப்பு. அவள்தான் தன் தாவணி முனையை நீட்டினாள்.

மார்ச் 15, ஞாயிறு

பல்லடத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். கண்டக்டர் இங்கேயா என்றார். இல்லை என்று உட்கார்ந்தேன். சொன்னேன். பத்து வரியுள்ள ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் படித்தாள்.

மார்ச் 19, வியாழன்

வேலை தேடவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன். ஷோகேஸில் இருந்த பரிசை இவர் எடுத்து எங்கோ வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காய்ச்சல். போகவில்லை. நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் தங்கமணி போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு வார இடைவெளி. எல்லாம் அழிந்திருக்கும், ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வெயில் வந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். கௌசிகா கதவருகில் நின்றிருந்தாள். இன்று ஒற்றைச் சடை. வணக்கம் சொன்னேன். 'கௌசிகா, நான்' என்று ஆரம்பிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். வாக்கியத்தின் மேல் பாதியைத் தேடும்போது புருவம் சுருங்குமே, அப்படிச் சுருங்கியது.

"நீங்க சொல்ல வேண்டாம். நீங்கதான அந்த வரிய மாத்துன ஆன்ட்டி."

ஆமாம் என்றேன்.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். தங்கமணி ஈரக் கையோடு ஓடி வந்தார். மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொருக்கச் சொல்லு சாமி என்றார். அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். என் பக்கம் விரலை நீட்டி, இவங்கதான் அந்த வரிய மாத்துனவங்க என்று மறுபடி சொன்னாள். தங்கமணி அழுதுகொண்டே, இன்னும் ஒருக்க, இன்னும் ஒருக்க என்று கேட்டார். அவள் மூன்றாவது தடவையும் சொன்னாள்.

மூன்று தடவையும் நான் ஆமாம் என்றேன்.